ஒரே சாவு வீட்டில் மூன்று பதில்கள்: இறந்தபின் என்ன என்று கிறிஸ்தவர்கள் நம்புவது

செல்லூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கூட வேலை பார்க்கும் நண்பரின் அம்மா காலமாகிவிட்டார், கத்தோலிக்கர். அடக்கத்தன்று சாமியார் அந்த அம்மாவின் ஆன்மா இளைப்பாற வேண்டும் என்று ஜெபித்தார். சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபையைச் (புராட்டஸ்டன்ட்) சேர்ந்த தாய்மாமா, “அக்கா இப்பவே ஆண்டவரோட இருக்கா, இனி எதுக்கு அவளுக்கு ஜெபம்” என்று முணுமுணுத்தார். பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிற மருமகள், “வருகையில எழும்புவாங்க” என்றார். மூன்றும் ஒரே மதம்தானா, ஆளுக்கொன்று சொல்கிறார்களா என்பது முதல் கேள்வி. தினமும் மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போகிற தன் அம்மா, இவர்கள் கணக்குப்படி நரகத்துக்குத்தானா என்பது இரண்டாவது. முப்பதாம் நாள் பூசைக்குத் தான் போகலாமா என்பது மூன்றாவது.

தம்பி, உங்களை உறுத்துவது இரண்டாவது கேள்விதான், புரிகிறது. ஆனால் முதலாவதைத் தாண்டாமல் அதற்குப் போக முடியாது. நான் பசுமலைப் பக்கம் சி.எஸ்.ஐ. வீட்டில் பிறந்தவள், வாழ்க்கைப்பட்டது கத்தோலிக்கக் குடும்பத்தில், பள்ளிக்கூடத்தில் வேதபாடம் எடுத்து ஓய்வு பெற்றவள். நீங்கள் சாவு வீட்டில் கேட்ட வாக்குவாதம் எங்கள் வீட்டில் சோற்றுத்தட்டைச் சுற்றியே நடக்கும். அதனால் இரண்டு பக்கத்து நியாயமும் பழக்கம்.

அந்த மூன்று பேரும் சண்டை போடாத ஒரு விஷயம் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், சாவு வீட்டில் அதைத்தான் யாரும் வாய்திறந்து பேசுவதில்லை. “உடலின் உயிர்ப்பை நம்புகிறேன்” என்று பூசையில் சொல்கிறார்கள். “சரீரம் உயிர்த்தெழுதலும் நித்திய ஜீவனும் உண்டென்று விசுவாசிக்கிறேன்” என்று சி.எஸ்.ஐ. ஆராதனையில் சொல்கிறார்கள். பெந்தெகொஸ்தே சபையில் விசுவாசப் பிரமாணத்தைச் சேர்ந்து சொல்கிற வழக்கம் இல்லை, சங்கதி அதேதான். ஆவி உடம்பைக் கழற்றிப் போட்டுவிட்டு மேலோகம் போய்ச் சேருவதுதான் கிறிஸ்தவம் என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள்; உள்ளே இருப்பவர்களிலும் பலர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வேதாகமம் அழுத்திச் சொல்வது, செத்தவர் ஒருநாள் உடம்போடு எழுந்திருப்பார் என்பதை.

இது அந்தக் காலத்திலேயே சிரிப்புக்கிடமான பேச்சு. இயேசுவின் செய்தியை ஊர் ஊராகக் கொண்டுபோன பவுல் ஏதென்ஸ் நகரத்தில் பேசினபோது, அங்கே இருந்த படித்தவர்கள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மரித்தோர் எழும்புவது என்ற இடம் வந்ததும் சிலர் கேலி செய்தார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகளில் இருக்கிறது. ஆன்மா அழியாது என்று சொல்லியிருந்தால் அவர்கள் தலையாட்டியிருப்பார்கள்; கிரேக்கத் தத்துவத்தில் அது பழைய சரக்கு. யூதர்களுக்குள்ளேயும் இதில் பிளவு உண்டு. பரிசேயர் உயிர்த்தெழுதலை நம்பினார்கள், சதுசேயர் இல்லவே இல்லை என்றார்கள்.

கிறிஸ்தவர்களுக்கு இதற்கான மாதிரி இயேசுவே. உயிர்த்தெழுந்தவர் சீடர்கள் முன்னால் வந்து நின்றபோது அவர்கள் ஏதோ ஆவியைப் பார்த்ததாகக் கலங்கிப் போனார்கள். அவர் கையையும் காலையும் காட்டினார். அப்புறமும் நம்பாமல் நிற்கவே, சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று கேட்டு, பொரித்த மீன் துண்டு ஒன்றை வாங்கி அவர்கள் பார்க்கச் சாப்பிட்டார். லூக்கா இருபத்துநாலாம் அதிகாரம். எனக்கு வேதாகமத்திலேயே மிகவும் பிடித்த இடங்களில் இது ஒன்று. இத்தனை பெரிய சங்கதிக்குச் சாட்சி ஒரு துண்டு மீன். அதே சமயம் அது பழைய உடம்பு மாதிரியும் இல்லை. பூட்டிய கதவுக்கு உள்ளே வந்து நிற்கிறார். மகதலேனா மரியாள் அவரை நேரே பார்த்தும் தோட்டக்காரர் என்று நினைக்கிறாள், “மரியாளே” என்று பேர் சொல்லிக் கூப்பிட்டதும்தான் ஆள் தெரிகிறது. ஆணித் தழும்பு மட்டும் அப்படியே இருக்கிறது.

இதைப் பவுல் கொரிந்தியருக்கு எழுதின முதல் கடிதத்தின் பதினைந்தாம் அதிகாரத்தில் விளக்குகிறார். விதைக்கிறது ஒரு மணி, முளைத்து வருவது வேறு உருவம், ஆனாலும் அது அந்த மணியிலிருந்து வந்ததுதான். அவர் கோதுமையைச் சொன்னார், சோழவந்தான் பக்கம் நாற்றங்காலைப் பார்த்தவர்களுக்கு விதைநெல்லை வைத்துச் சொன்னாலும் விளங்கும். சி.எஸ்.ஐ. அடக்க ஆராதனையில் பெரும்பாலும் இந்த அதிகாரம் வாசிப்பார்கள். மண்ணைப் போடுகிற நேரத்தில் யார் காதில் ஏறுகிறது!

எங்கே எழுவார்கள் என்பதும் பலர் கவனிக்காத ஒன்று. வேதாகமத்தின் கடைசிப் புத்தகத்தில், இருபத்தொன்றாம் அதிகாரத்தில், மனிதர்கள் கூட்டமாக மேலே ஏறிப் போகவில்லை. புதிய எருசலேம் என்ற நகரம் வானத்திலிருந்து கீழே இறங்குகிறது. புதிய வானம், புதிய பூமி. கடவுள் மனிதரோடு வந்து குடியிருக்கிறார். “அவர்களுடைய கண்ணீர் யாவையும் தேவன் துடைப்பார்” என்ற வசனம் அங்கேதான் வருகிறது. பன்னிரண்டு வாசல்கள், பகலெல்லாம் அடைக்கப்படுவதில்லை, அங்கே இரவே கிடையாது. ஜோக்குகளில் பேதுரு சாவியோடு வாசலில் உட்கார்ந்து ஆளை மடக்குகிறாரே, அந்தக் காட்சி வேதாகமத்தில் இல்லை. இயேசு பேதுருவிடம் திறவுகோல் தருவேன் என்று சொன்னதையும் இந்த முத்து வாசல்களையும் ஒட்டவைத்துப் பின்னால் வந்தவர்கள் கட்டின கதை அது.

அம்மாவைத் திரும்பப் பார்ப்போமா, அடையாளம் தெரியுமா என்று எல்லாருமே கேட்கிறார்கள். தெரியும் என்பதுதான் எல்லாச் சபைகளின் பொதுவான நம்பிக்கை. ஆனால் புருஷன் பெண்டாட்டியாக இருப்பார்களா என்று கேட்டால், உயிர்த்தெழும்போது கொள்வதும் கொடுப்பதும் இல்லை என்று இயேசுவே சொல்லிவிட்டார். எங்கள் தெருவில் ஒரு பாட்டி இதைக் கேட்டுவிட்டு “அப்பாடா” என்றார்.

எரித்துவிட்டால் எப்படி எழுவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து அதைத்தான் கேட்பீர்கள். கத்தோலிக்கத் திருச்சபை நெடுங்காலம் எரிப்பதைத் தடுத்துத்தான் வைத்திருந்தது. 1963-ல் அனுமதித்தது, உயிர்ப்பை மறுப்பதற்காகச் செய்யக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை. 2016-ல் வந்த விளக்கத்தில், சாம்பலைத் தூவவோ பங்கு போடவோ வேண்டாம், கல்லறையிலோ கோயிலிலோ வையுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். உங்கள் வீட்டில் அஸ்தியைத் திருப்புவனத்தில் வைகையில் கரைப்பீர்கள். இங்கே அதற்கு வழியில்லை. மற்றபடி, கடலில் போனவனையும் புலி தின்றவனையும் எழுப்பக்கூடியவருக்கு மின்மயானம் ஒரு பொருட்டா என்பதுதான் பழைய காலத்திலிருந்தே சபைப் பெரியவர்கள் சொல்லிவரும் பதில்.

சரி, சண்டை எங்கே வருகிறது? சாவுக்கும் அந்த எழுச்சிக்கும் நடுவில் இருக்கிற காலத்தில். அந்த அம்மா இப்போது, இந்த நிமிடம், எங்கே?

தாய்மாமா கையில் வைத்திருக்கும் வசனம் சிலுவையில் பக்கத்தில் தொங்கின கள்ளனுக்கு இயேசு சொன்னது: “இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்.” இன்றைக்கு என்றால் இன்றைக்குத்தான். நாளைக்கோ, யாராவது பூசை ஒப்புக்கொடுத்த பிறகோ இல்லை. பவுலும், இந்த உடம்பை விட்டுப் போய்க் கிறிஸ்துவோடு இருக்க ஆசை என்று பிலிப்பியருக்கு எழுதுகிறார். அதனால் விசுவாசத்தில் செத்தவர் உடனே ஆண்டவரிடம் போகிறார், உடம்பு மட்டும் கல்லறையில் காத்திருக்கிறது, இரண்டும் கடைசி நாளில் சேரும். சி.எஸ்.ஐ. போன்ற சீர்திருத்தச் (புராட்டஸ்டன்ட்) சபைகள் பெரும்பாலும் இப்படித்தான் பிடித்துக்கொள்கின்றன.

கத்தோலிக்கர் இதை மறுக்கவில்லை, கூட ஒரு படி வைக்கிறார்கள். செத்த கையோடு ஒவ்வொருவருக்கும் தனித்தீர்வை, அதாவது தனியாக ஒரு நியாயத்தீர்ப்பு. உலக முடிவில் எல்லாருக்கும் சேர்த்துப் பொதுத்தீர்வை. தனித்தீர்வையில் கடவுளின் நட்பிலேயே செத்தவர், ஆனால் இன்னும் அழுக்கு முழுக்கப் போகாதவர் என்று ஒரு ரகம் இருக்கிறதல்லவா, நம்மில் பெரும்பாலோர் அந்த ரகம்தான், அவர்கள் தூய்மையடையும் நிலைதான் உத்தரிக்கிற ஸ்தலம். இதைப் பற்றி ஒரு தப்பெண்ணம் பரவிக் கிடக்கிறது. மோட்சத்துக்கும் நரகத்துக்கும் நடுவே, எந்தப் பக்கம் போவது என்று தீராமல் காத்திருக்கும் இடம் என்று நினைக்கிறார்கள். அங்கே இருக்கிற ஒவ்வொருவருக்கும் மோட்சம் உறுதியாகிவிட்டது, தாமதம் மட்டும்தான். அவர்களுக்காக உயிரோடு இருப்பவர்கள் ஜெபிக்கலாம், பூசை ஒப்புக்கொடுக்கலாம், தானம் செய்யலாம். ஆயர்கள் கூடித் தீர்மானிக்கும் பொதுச்சங்கங்களில், 1274-ல் லியோன் சங்கமும், 1439-ல் புளோரன்ஸ் சங்கமும், 1563-ல் திரிதெந்தின் சங்கமும் இதை உறுதிசெய்தன. 1999-ல் போப் இரண்டாம் ஜான் பால் தம் புதன்கிழமை உரைகளில், மோட்சம், நரகம், உத்தரிக்கிற ஸ்தலம் எல்லாவற்றையும் ஏதோ ஊர், நாடு மாதிரி இடமாக எண்ணவேண்டாம், கடவுளோடு இருக்கிற உறவின் நிலைகளாகப் பாருங்கள் என்று விளக்கினார்.

இதற்கு வேதத்தில் ஆதாரம் எங்கே என்று என் அண்ணன் இருபது வருஷமாக என் வீட்டுக்காரரைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆதாரம் மக்கபேயர் இரண்டாம் புத்தகம் பன்னிரண்டாம் அதிகாரத்தில்: போரில் இறந்த வீரர்களின் உடைக்குள் சிலைகளின் தாயத்துகள் இருந்ததைக் கண்ட யூதப் படைத்தலைவர் யூதா மக்கபே, அவர்கள் பாவம் தீரப் பணம் திரட்டி எருசலேமுக்குப் பலி செலுத்த அனுப்புகிறார். சிக்கல் என்னவென்றால் அந்தப் புத்தகம் கத்தோலிக்க வேதாகமத்தின் எழுபத்துமூன்றில் உண்டு, சீர்திருத்தச் சபைகளின் அறுபத்தாறில் இல்லை. ஆகவே வசனம் காட்டி ஜெயிக்க முடியாத சண்டை இது. 1517-ல் லூத்தர் கிளம்பியதற்கு உடனடிக் காரணமே உத்தரிக்கிற ஸ்தலத்து ஆன்மாக்களின் பேரில் பலன் (பாவத்துக்கான தண்டனையைக் குறைக்கும் சலுகை) விற்றுக் காசு பார்த்ததுதான். அந்த வியாபாரத்தைத் திரிதெந்தின் சங்கம் பிறகு கண்டித்தது, கோட்பாட்டை விடவில்லை.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு மதுரையில் எந்தக் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்துக்காவது ஒருமுறை போய்ப் பாருங்கள். ஒரு வாரத்துக்கு முன்னாலேயே ஆள் வைத்துச் செடி வெட்டி, கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, அழிந்துபோன பேருக்குக் கறுப்புப் பெயின்ட் தொட்டு எழுதிவிடுவார்கள். அன்றைக்குச் சாயங்காலம் செவ்வந்தியும் மல்லிகையும் பரப்பி, தலைமாட்டில் ஊதுபத்தி, சுற்றிலும் மெழுகுவர்த்தி. காற்று அணைத்துக்கொண்டே இருக்கும், பிள்ளைகள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஏற்றிக்கொண்டே இருப்பார்கள். பூசை முடிந்ததும் சாமியார் வரிசையாகத் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக்கொண்டு வருவார். நம்ம கல்லறையை விட்டுவிடுவாரோ என்று கிழவிகள் வழியை மறிப்பார்கள். நவம்பர் 1 முதல் 8 வரை கல்லறைக்குப் போய் இறந்தவர்களுக்காக ஜெபித்தால், வேறு சில நிபந்தனைகளும் நிறைவேறியிருந்தால், உத்தரிக்கிற ஆன்மாவுக்குப் பரிபூரண பலன் உண்டு என்பது திருச்சபைச் சட்டம். இறையியலை ஓரமாக வைத்துவிட்டுப் பார்த்தால், செத்தவர்களுக்கு இன்னும் நாம் செய்யவேண்டியது ஏதோ இருக்கிறது என்ற நினைப்பு மனுஷனுக்கு விடாது. உங்கள் வீட்டு அமாவாசைத் தர்ப்பணத்தில் இருப்பதும் அந்த நினைப்புத்தான். நானே பிறப்பால் சி.எஸ்.ஐ., கோட்பாட்டளவில் என் அண்ணன் பக்கம்தான் சாய்வேன். ஆனாலும் என் மாமியார் கல்லறையில் வருஷாவருஷம் மெழுகுவர்த்தி வைக்கிறேன், முழங்காலும் போடுகிறேன்.

மருமகள் சொன்ன “வருகை” வேறு கதை. இயேசு மறுபடி வருவார் என்பது எல்லாருக்கும் பொது. தெசலோனிக்கேயருக்கு எழுதின முதல் கடிதம் நாலாம் அதிகாரத்தில், கிறிஸ்துவுக்குள் மரித்தவர்கள் முதலில் எழுவார்கள், பிறகு உயிரோடிருப்பவர்கள் மேகங்களில் எடுத்துக்கொள்ளப்படுவார்கள் என்று இருக்கிறது. பெந்தெகொஸ்தே சபைகளில் பல இதை இரண்டாகப் பிரிக்கின்றன: முதலில் சபையை மட்டும் எடுத்துக்கொண்டு போகும் இரகசிய வருகை, பிறகு ஏழு வருட உபத்திரவம், அதற்கப்புறம் எல்லாருக்கும் தெரிகிற வருகை, ஆயிர வருட அரசாட்சி. இந்த வரிசை ஆதிச் சபையிலிருந்து வந்ததென்று பலர் நம்புகிறார்கள். இப்படித் திட்டமாக வகுத்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜான் நெல்சன் டார்பி என்ற பிரிட்டிஷ் போதகர். 1909-ல் அமெரிக்காவில் வந்த ஸ்கோபீல்டு குறிப்புரை வேதாகமம்தான் அதை உலகமெல்லாம் கொண்டுபோனது. கத்தோலிக்கரும் சி.எஸ்.ஐ. ஆயர்களில் பெரும்பாலோரும் இந்த இரண்டு வருகைக் கணக்கை ஏற்பதில்லை. அந்த மருமகள் “எழும்புவாங்க” என்று சொன்ன வார்த்தை மட்டும் மூன்று பேர் பேச்சிலும் வேதத்துக்கு மிக நெருக்கமானது என்பேன். மற்ற இரண்டு பேரும் நடுவழியைப் பற்றிச் சண்டை போட்டார்கள், அவர் ஒருவர்தான் போய்ச் சேரும் இடத்தைச் சொன்னார்.

மறுபிறவி பற்றி ஒரு வார்த்தை. இது மதுரையில் புதிதாகக் கிளம்பின விவாதம் இல்லை. 1606-ல் இங்கே வந்து காவி கட்டி, மரக்கறி உண்டு, தமிழும் சமஸ்கிருதமும் படித்த ராபர்ட் டி நொபிலி, நாம் தத்துவபோதகர் என்று சொல்கிறோமே, அவர் மறுபிறப்பை மறுத்துத் தமிழில் ‘புனர்ஜென்ம ஆக்ஷேபம்’ என்று தனி நூலே எழுதினார். உடை, உணவு, பழக்கவழக்கம் எல்லாவற்றிலும் அத்தனை தூரம் வளைந்துகொடுத்தவர், இந்த இடத்தில் மட்டும் வளையவில்லை. காரணம் எபிரெயர் 9:27: ஒரே தரம் மரிப்பது, பின்பு நியாயத்தீர்ப்பு. ஒரு பிறவி, ஒரு உடம்பு, ஒரு ஆள். அந்த உடம்பையே கடவுள் திரும்ப எழுப்பப்போகிறார் என்றால் அடுத்த உடம்புக்கு அங்கே வேலை இல்லை. பிறவிக்குருடனைக் காட்டி, இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்று இயேசு சொன்னதையும் இதோடு சேர்த்துப் படிப்பார்கள். ஆயுசு முடியாமல் செத்தவர் பேயாய்ச் சுற்றுவார் என்பதையும் இதே காரணத்தால் எந்தச் சபையும் ஒப்புக்கொள்வதில்லை. வேப்பிலை அடிக்கிறவரிடம் ரகசியமாகப் போகிற வேதக்காரர்கள் இல்லாமல் இல்லை, அது தனிக் கதை.

இனி நரகம்.

பழைய கிறிஸ்தவ வீடுகளில், ஞாயிறு பள்ளி அறைகளில், ஒரு படம் மாட்டியிருக்கும். இடது பக்கம் விசாலமான வழி, வலது பக்கம் இடுக்கமான வழி. மத்தேயு ஏழாம் அதிகாரத்து வசனத்தைப் படமாக்கியது. உச்சியில் முக்கோணத்துக்குள் ஒரு கண். விசாலமான வழியில் நாடகக் கொட்டகை, சூதாட்ட வீடு, கடைசியில் எரிகிற நகரம். சின்ன வயதில் அதில் எனக்குப் புரியாதது ஒன்று: நரகத்துக்குப் பக்கத்தில் ஒரு ரயில் ஓடும். ரயிலில் போனால் நரகமா? பின்னால்தான் தெரிந்தது, அந்தப் படம் 1866-ல் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரத்தில் அச்சானது; ஓய்வுநாளில் ரயில் விடுவது அந்தக் காலத்துப் பக்திமான்களுக்குப் பெரிய பாவமாகப் பட்டிருக்கிறது. நரகத்தைப் பற்றி நாம் மனதில் வைத்திருப்பதில் எத்தனை பங்கு வேதம், எத்தனை பங்கு யாரோ ஒரு ஊர்க்காரரின் பயம் என்று யோசிக்க அந்த ரயில் எனக்கு உதவியது. எண்ணெய்க் கொப்பரையும் அப்படித்தான், அது வேதாகமத்தில் கிடையாது. நம் ஊர்ப் புராணப் படங்களிலிருந்து பிரசங்கத்துக்குள் நுழைந்திருக்கலாம்.

இயேசு நரகத்தைப் பற்றிப் பேசியிருக்கிறார், நிறையவே. அவர் எடுத்துக்கொண்ட பேர் எருசலேமுக்குத் தெற்கே இருக்கிற இன்னோம் பள்ளத்தாக்குடையது. பழங்காலத்தில் பெற்ற பிள்ளைகளையே தீயில் பலி கொடுத்த இடம். எரேமியா தீர்க்கதரிசி அதைச் சபித்தார். அது ஊர்க் குப்பையை எரிக்கிற கிடங்கு, அதனால்தான் அவியாத நெருப்பு என்று பிரசங்கிமார் சொல்வது வழக்கம். இயேசு காலத்தில் அங்கே குப்பை எரித்ததற்குப் பழைய சான்று எதுவும் கிடையாது, நூறு நூறு வருஷங்களுக்குப் பிறகு வந்த விளக்கம் அது. நெருப்பு என்கிற அதே வாய்தான் “புறம்பான இருள்” என்றும் சொல்கிறது. சாகாத புழு என்றும் சொல்கிறது. எரிகிற இடத்தில் இருட்டு எப்படி? ஆகவே இவை உருவகங்கள் என்று கொள்வதில் இன்று பெரிய எதிர்ப்பு இல்லை. கடவுளிடமிருந்து ஒருவன் தானே விரும்பி, கடைசிவரை, பிரிந்து நிற்பதுதான் நரகம் என்று கத்தோலிக்க மறைக்கல்வி சொல்கிறது.

அது முடிவே இல்லாததா? பெரும்பான்மைச் சபைகள் ஆமாம் என்கின்றன. ஏழாம் நாள் அட்வென்டிஸ்டுகள், செத்தவர்கள் ஒன்றும் அறியாமல் உறங்குகிறார்கள், தீயோர் கடைசியில் இல்லாமலே அழிந்துபோவார்கள், நித்திய வேதனை என்று ஒன்று இல்லை என்கிறார்கள். ஆங்கிலிக்கன் போதகர் ஜான் ஸ்டாட் 1988-ல் தயக்கத்தோடு இந்தப் பக்கம் சாய்ந்தபோது சுவிசேஷ வட்டாரத்தில் பெரிய சலசலப்பு. மூன்றாம் நூற்றாண்டு ஓரிகன், நான்காம் நூற்றாண்டு நிசா நகர் கிரகோரி போன்றவர்கள் இன்னும் ஒரு படி போய், கடைசியில் எல்லாரும் கடவுளிடம் திரும்பிவிடுவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். ஓரிகனின் பேரால் வழங்கிய கருத்துகள் 553-ல் கண்டனத்துக்கு உள்ளாயின. கிரகோரி மட்டும் இன்றைக்கும் புனிதர்.

இங்கே ஒரு நுணுக்கம். ஒருவர் மோட்சத்தில் இருக்கிறார் என்று கத்தோலிக்கத் திருச்சபை பேர் சொல்லி அறிவிக்கும். புனிதர் பட்டம் என்பது அதுதான். 1693-ல் ஓரியூரில் தலை வெட்டுண்ட அருளானந்தருக்கு 1947-ல் அந்தப் பட்டம் கிடைத்தது. ஓரியூர் போகிறவர்கள் செம்மண் எடுத்து முடிந்துகொண்டு வருகிறார்கள். ஆனால் இன்னார் நரகத்தில் இருக்கிறார் என்று ஒருவரைக்கூட அது அறிவித்ததில்லை, இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசு உட்பட. தற்கொலை செய்துகொண்டவர்களுக்கு ஒரு காலத்தில் கோயில் அடக்கம் மறுக்கப்பட்டது. 1983-ல் வந்த திருச்சபைச் சட்டத்தில் அந்தத் தடை இல்லை, அவர்களுடைய மீட்பைக் குறித்து நம்பிக்கை இழக்கக் கூடாது என்று மறைக்கல்வியும் சொல்கிறது. அப்படியிருக்க, சாவு வீட்டில் வந்து நின்றுகொண்டு யார் எங்கே என்று தீர்ப்புச் சொல்ல எந்தச் சித்தப்பாவுக்கும் எந்த ஊழியக்காரருக்கும் உரிமை இல்லை.

உங்கள் அம்மாவிடம் வருகிறேன். மழுப்பாமல் சொல்கிறேன். “இயேசுவை ஏற்றுக்கொள்ளாத எல்லாரும் நரகத்துக்கு” என்று நம்புகிற கிறிஸ்தவர்கள் மதுரையில் இருக்கிறார்கள், அதை உங்கள் முகத்துக்கு நேரே சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கையிலும் வசனம் உண்டு. அது மட்டும்தான் கிறிஸ்தவம் என்றால் தப்பு.

திருச்சபைக்கு வெளியே மீட்பில்லை என்பது மூன்றாம் நூற்றாண்டு சிப்ரியான் காலத்துப் பேச்சு. ஆனால் அதை அட்சரம் பிசகாமல் பிடித்துக்கொண்டு போதித்த பாஸ்டன் குருவானவர் லெனார்டு பீனி, ரோமாபுரி கூப்பிட்டும் போகாமல், 1953-ல் திருச்சபையிலிருந்தே விலக்கப்பட்டார்! 1964-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தெளிவாகவே எழுதியது: தங்கள் குற்றமில்லாமல் கிறிஸ்துவை அறியாதிருந்து, நேர்மையான மனதோடு கடவுளைத் தேடி, மனச்சான்று காட்டுகிறபடி நடக்க முயல்கிறவர்கள் மீட்படைய முடியும்.

சீர்திருத்தச் சபைகளில் இது இன்னும் முன்னாலேயே வெடித்தது. அதில் நம் ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1834-ல் மதுரைக்கு வந்து, பசுமலையில் பள்ளியும் குருத்துவக் கல்லூரியும் நடத்தின அமெரிக்க மிஷன், பாஸ்டனில் இருந்த அமெரிக்கன் போர்டு என்ற சங்கத்தைச் சேர்ந்தது. அதே போர்டு அனுப்பி மகாராஷ்டிரத்தில் அகமத்நகரில் பணியாற்றிய ராபர்ட் ஹியூம், 1886-ல் விடுமுறையில் அமெரிக்கா போயிருந்தபோது, சுவிசேஷத்தைக் கேட்காமலே செத்துப்போன இந்தியர்களுக்குச் சாவுக்குப் பிறகு ஒரு வாய்ப்பு இருக்கலாம் என்ற கருத்துக்கு ஆதரவாகப் பேசிவிட்டார். போர்டு அவரைத் திருப்பி அனுப்பத் தயங்கியது, அதன் பொதுக்கூட்டங்களில் பெரிய சண்டை. கடைசியில் அவர் இந்தியா திரும்பினார். இந்தக் கேள்வியை எழுப்பினவர் கிராமத்து ஜனங்களோடு பழகின மிஷனரி என்பதை நான் தற்செயலாக நினைக்கவில்லை. “உங்க சாமி சொல்றது சரி, ஆனா எங்க பாட்டன் எங்கே?” என்று ஒரு கிழவர் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுவிட்டால், அதற்கப்புறம் பாஸ்டனில் எழுதிவைத்த பதில் வாயில் வராது.

இதில் நான் பார்ப்பது மத்தேயு இருபத்தைந்தாம் அதிகாரத்தை. கடைசி நியாயத்தீர்ப்பை இயேசு விரிவாக வர்ணிக்கிற இடம் அது. பசித்தவனுக்குச் சோறு போட்டாயா, அந்நியனைச் சேர்த்துக்கொண்டாயா, நோயாளியைப் போய்ப் பார்த்தாயா, சிறையிலிருந்தவனைப் போய்ப் பார்த்தாயா. அங்கே உள்ளே அழைக்கப்படுகிறவர்கள், “ஆண்டவரே, உமக்கு எப்போது இதைச் செய்தோம்?” என்று திகைக்கிறார்கள். செய்தவர்களுக்கே தெரியவில்லை. வெளியே தள்ளப்படுகிறவர்களும் “ஆண்டவரே” என்றுதான் கூப்பிடுகிறார்கள். மீட்புக் கிறிஸ்துவால்தான் வருகிறது என்பதை நான் விடவில்லை. அவர் யாருக்கெல்லாம் அதைக் கொடுப்பார் என்ற பட்டியல் என்னிடம் இல்லை என்கிறேன். இதை ஒப்புக்கொள்ளாத நல்ல கிறிஸ்தவர்கள் என் சொந்தக்காரர்களிலேயே உண்டு.

மூன்றாவது கேள்வி சுலபம். முப்பதாம் நாள் பூசைக்குத் தாராளமாகப் போங்கள். எழுந்திருக்கும்போது எழுந்திருங்கள், உட்காரும்போது உட்காருங்கள், முழங்காலில் நிற்பது உங்கள் விருப்பம். நற்கருணை வாங்க வரிசையாகப் போவார்கள், அப்போது மட்டும் இடத்திலேயே இருங்கள். அது ஞானஸ்நானம் பெற்று, புதுநன்மை (முதல் நற்கருணை) வாங்கின கத்தோலிக்கருக்கு மட்டும், யாரும் உங்களைத் தப்பாக நினைக்கமாட்டார்கள். பூசை முடிந்து சில குடும்பங்கள் நேரே கல்லறைக்குப் போவார்கள், சாமியார் மந்திரிப்பார். பூ வாங்கிக்கொண்டு போங்கள், மெழுகுவர்த்தியும் வைக்கலாம். பிறகு வீட்டில் சாப்பாடு இருக்கும். தாய்மாமா அங்கேயும் ஆரம்பித்தால் அவர் பக்கத்தில் உட்காராதீர்கள்.